அரசு கொடுத்த சான்றை அரசுக்கே நாம் ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும்?

பதிவேடு எழுதியது:

19 ஆண்டுகளாக ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், உண்மைத்தன்மைச் சரிபார்ப்பு எல்லாம் எங்கள் மேசை வழியாகத்தான் போகும். போன மாதம் முதல்முறையாக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். என் மகளுக்காக ஓர் உதவித்தொகை விண்ணப்பம்.

முழுக்க இணையவழி என்று போட்டிருந்தார்கள். மொத்தம் 11 பக்கம். பிறந்த தேதி கேட்டார்கள், அதற்குச் சான்றும் கேட்டார்கள். அந்தச் சான்றைக் கொடுத்ததே அரசு. குடும்ப வருமானம் கேட்டார்கள். வரித்துறையிடம் ஏற்கெனவே சொன்னதுதான். மதிப்பெண் கேட்டார்கள், தேர்வு நடத்திய வாரியத்திடம் அது இருக்கிறது. வங்கிக் கணக்கு எண் கேட்டார்கள். போன ஆண்டுத் தொகை அதே கணக்கில்தான் வந்தது. ஒவ்வொரு சான்றையும் ஸ்கேன் செய்து 200 கே.பி.க்குள் சுருக்கி ஏற்ற வேண்டும். சுருக்கினால் முத்திரை தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். எல்லாம் முடிந்து பெருமூச்சு விடும்போது கடைசித் திரையில் ஒரு வரி வந்தது. விண்ணப்பத்தை அச்சிட்டு, கையொப்பமிட்டு, சான்றொப்பம் பெற்றுத் தபாலில் அனுப்ப வேண்டுமாம்.

"அவங்க கொடுத்ததை அவங்களுக்கே ஏம்மா திருப்பிக் கொடுக்கணும்?" என்று மகள் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் எங்கள் பிரிவின் சான்றிதழ் நகல் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். 34 கேள்விகள். முதல் கேள்வி பதிவெண். அதைக் கொடுத்த உடனே மாணவரின் முழு விவரமும் எங்கள் கணினியில் வந்துவிடும். அதற்குப் பிறகும் சேர்ந்த ஆண்டு, பாடப்பிரிவு, தந்தை பெயர், தேர்ச்சி பெற்ற மாதம் என்று அவரிடமே கேட்டுக்கொண்டிருக்கிறோம். இத்தனை ஆண்டும் இது என் கண்ணில் படவே இல்லை. வெட்கமாக இருந்தது.

காகிதப் படிவத்தைத் திரைக்கு மாற்றியதையே நாம் எளிமை என்று சொல்லிவருகிறோம். கேட்கத் தேவையில்லாத கேள்வியை எடுத்துவிட்டால்தான் வேலை எளிதாகும் என்பது என் கருத்து. இதைச் செய்துகாட்டிய இடங்கள் உண்டா? இந்த வேலைக்குள் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

நிரலன் எழுதியது:

பதிவேடு அக்கா, இப்படிப்பட்ட தளங்களைக் கட்டிக்கொடுக்கும் வேலைதான் எனக்கு. உங்கள் மகளின் கேள்விக்கு உள்ளிருந்து பதில் சொல்கிறேன்.

ஒரு துறை எங்களிடம் வேலை கொடுக்கும்போது முதலில் கையில் வருவது பழைய காகிதப் படிவம். இதில் இருப்பது அத்தனையும் திரையில் வர வேண்டும் என்பார்கள். ஒரு கேள்வியைக் காட்டி, இது எந்த விதியின்படி கேட்கப்படுகிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் எடுக்கவும் பயம். நாளைக்குத் தணிக்கையில் யாராவது கேட்டால்? கூடுதலாக ஒரு சான்று கேட்டதற்காக ஓர் அலுவலர் மாட்டிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. கேட்காமல் விட்டதற்காக மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் படிவம் வளருமே தவிரக் குறையாது.

செய்துகாட்டிய இடம் என்றால் எஸ்டோனியா. சுமார் 13 லட்சம் மக்கள் உள்ள நாடு. 2001ல் எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எல்லாத் தரவையும் ஒரே கிடங்கில் கொட்டிவைத்திருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மக்கள்தொகைப் பதிவேடு அதன் இடத்தில் இருக்கும், வரி விவரம் வரித்துறையில் இருக்கும். ஒரு துறைக்கு ஒரு விவரம் தேவைப்பட்டால் அதை மட்டும் உரிய துறையிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். கேள்வியும் பதிலும் மறைகுறியாக்கப்பட்டு, மின்கையொப்பத்தோடும் நேர முத்திரையோடும் பதிவாகும். கல்லூரிச் சேர்க்கையிலும் இதே முறைதான். அரசுத் தேர்வு முடிவைச் சேர்க்கைத் தளம் பதிவேட்டிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும். மாணவர் ஸ்கேன் எடுத்து அனுப்ப வேண்டியதில்லை.

ஆனால் அந்த நாட்டில் என்னைக் கவர்ந்தது மென்பொருள் இல்லை. ஒரே விவரத்தைத் திரட்டுவதற்கு இரண்டாவதாக ஒரு தரவுத்தளம் தொடங்கக் கூடாது என்று அவர்களுடைய பொதுத் தகவல் சட்டம் சொல்கிறது. முகவரி மக்கள்தொகைப் பதிவேட்டில் இருந்தால் வேறொரு துறை தனியாக முகவரிப் பட்டியல் சேர்க்க முடியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். எக்ஸ்-ரோடின் நிரல் இன்று திறமூலம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஃபின்லாந்து எடுத்துப் பயன்படுத்துகிறது. அந்தச் சட்டப் பிரிவை மட்டும் ஒவ்வொரு நாடும் தானே எழுதிக்கொள்ள வேண்டும். கஷ்டமான வேலை அதுதான்.

திறவுகோல் எழுதியது:

துறைகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தால் நன்மை மட்டும்தான் வரும் என்பதுபோல நிரலன் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. காரணம் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் ரோபோடெட் என்று மக்கள் பெயர் வைத்த திட்டம் ஒன்று 2016 முதல் முழு வேகத்தில் நடந்தது. வரித்துறையிடம் ஒருவரின் ஆண்டு வருமானம் இருக்கும். நலத்துறை உதவித்தொகையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கணக்கிடும். இரண்டையும் கணினியால் இணைத்தார்கள். ஆண்டு வருமானத்தைப் பங்குபோட்டு, ஒவ்வொரு இரண்டு வாரமும் அதே அளவு சம்பாதித்ததாக வைத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு அடுத்த ஆறு மாதம் வேலை இல்லாமல் உதவி வாங்கியவரை நினைத்துப் பாருங்கள். உதவி வாங்கிய காலத்திலும் அவருக்கு வருமானம் இருந்ததாகக் கணக்கு வரும். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டு என்று அறிவிப்பு போகும். தவறு என்றால் அவர்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் பல ஆண்டுக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்து. பாதிக்கப்பட்டவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். 2019 நவம்பரில் நீதிமன்றத்தில் அது சட்டப்படி செல்லாது என்றானது. 2023 ஜூலையில் வந்த அரச விசாரணை ஆணைய அறிக்கை, அதில் நியாயமும் இல்லை சட்டமும் இல்லை என்று எழுதியது.

நெதர்லாந்திலும் இப்படித்தான். குழந்தைப் பராமரிப்பு உதவி வாங்கிய ஆயிரக்கணக்கான பெற்றோரை வரித்துறை மோசடிக்காரர்களாக முத்திரை குத்தியது. யாரைச் சந்தேகிப்பது என்று தேர்ந்தெடுத்த கணினி முறையில் குடியுரிமையும் ஓர் அளவுகோலாக இருந்தது. குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அந்நாட்டு அரசே பதவி விலகியது.

அதனால் எனக்கு மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும். என் தரவை யார் பார்த்தார்கள்? அதில் தவறு இருந்தால் யாரிடம் போவது? அங்கே முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒரு மனிதர் இருப்பாரா? இதற்குப் பதில் இல்லாத இணைப்பு எனக்கு வேண்டாம். 11 பக்கப் படிவத்தையே நிரப்பிக்கொள்கிறேன்.

நிரலன் எழுதியது:

திறவுகோல் சார், உங்கள் முதல் கேள்விக்கு எஸ்டோனியாவில் பதில் உண்டு. எந்தத் துறை எப்போது தன் விவரத்தைப் பார்த்தது என்று குடிமக்கள் தாங்களே பார்க்கலாம். ஆனால் அங்கேயும் எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. 2017ல் அடையாள அட்டைச் சில்லில் பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டு, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளின் சான்றுகளை நிறுத்திவைத்துப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

ரோபோடெட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டுக் கணக்கை இரண்டு வாரக் கணக்காக நினைத்தது, மறுப்பதற்கான சுமையை எளியவர் தலையில் வைத்தது, இந்த இரண்டும்தான் அங்கே தவறு. ஒரு மாணவரின் மதிப்பெண்ணை வாரியத்திடம் கேட்டு வாங்குவதில் இப்படி ஊகம் எதுவும் இல்லை. கொடுப்பதற்காக இணைப்பதையும் பிடுங்குவதற்காக இணைப்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பேன். இரண்டாவதற்கு நீங்கள் கேட்கும் மனிதர் கட்டாயம் இருக்க வேண்டும்.

திறவுகோல் எழுதியது:

கொடுப்பதற்கும் வேண்டும் தம்பி. தவறான பதிவால் ஒருவருக்கு உதவி கிடைக்காமல் போனால் அவருக்கு அதுவும் பிடுங்கியதுதான்.

நிரலன் எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம்_சாளரம் எழுதியது:

நான் ஒரு சேவை மையத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்காக விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவள். இங்கே பேசுகிறவர்கள் எல்லாம் விண்ணப்பிக்கத் தெரிந்தவர்கள். என் சாளரத்துக்கு வருபவர்களின் கஷ்டம் வேறு. அவர்கள் கேள்விகள் வரைக்கும் போவதே இல்லை, வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

ஓ.டி.பி. வரும் எண் மகனுடையதாக இருக்கும். மகன் வெளிநாட்டில். நாம் அழைக்கும் நேரத்தில் அவன் தூங்கிக்கொண்டிருப்பான் அல்லது வேலையில் இருப்பான். ஓ.டி.பி. பத்து நிமிடத்தில் காலாவதி. சரி, எண்ணை மாற்றிவிடலாம் என்றால் மாற்றுவதற்கான ஓ.டி.பி.யும் பழைய எண்ணுக்குத்தான் போகும். அந்த எண் இப்போது வேறு யாரோ ஒருவரிடம். ஒரு பெரியவர் இதற்காக மூன்று முறை வந்தார். மூன்றாவது முறை எதுவும் பேசவில்லை. ஃபோனை என் முன்னால் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய கோரிக்கையில் சிக்கல் எதுவும் இல்லை, தகுதியில் குறை இல்லை, ஒரே ஒரு எண்தான்.

அப்புறம் கைரேகை. சிமென்ட் வேலை பார்த்தவர்கள், பாத்திரம் தேய்ப்பவர்கள், எழுபது வயதைத் தாண்டியவர்கள். கருவி ரேகையை எடுக்காது. இன்னொரு விரல் வையுங்கள், துடைத்துவிட்டு வையுங்கள் என்று சொல்லிச் சொல்லிப் பத்து விரலும் ஆகிவிடும். உழைத்துத் தேய்ந்த கையைக் காட்டி, உங்களை நீங்கள்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று சொல்வது எவ்வளவு கொடுமை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

கடவுச்சொல்லை நோட்டில் எழுதி எங்களிடமே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். "நீயே வச்சுக்கோம்மா" என்கிறார்கள். வாங்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். வாங்காவிட்டால் அவர்களுக்கு வேலை நடக்காது. என் சார்பில் இன்னார் இந்த ஒரு வேலையை மட்டும் செய்யலாம் என்று முறையாக எழுதிக்கொடுக்கும் வசதி எத்தனை தளங்களில் இருக்கிறது? டென்மார்க்கில் 2014 நவம்பர் முதல் 15 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் அரசுக் கடிதங்கள் அரசின் மின்னணு அஞ்சல் பெட்டியில்தான். ஆனால் முடியாதவர்கள் விலக்கு கேட்டால் காகிதத்திலேயே வரும். நம்பிக்கையான உறவினர் ஒருவருக்குப் படிக்கும் அனுமதியும் கொடுக்கலாம். இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெரியவர் ஞாபகம்தான் வந்தது.

உலகில் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருக்கிறார்கள் என்று 2023ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கணக்கிட்டது. எண்ணிக்கையாகச் சொன்னால் பெரிதாகத் தெரிகிறது. எனக்கு அது ஒரு நாளைக்கு நாற்பது முகம். பதிவேடு அக்கா, கேள்வியைக் குறையுங்கள், ரொம்ப நல்லது. கூடவே என் சாளரத்தை மூடிவிடாதீர்கள்.

கரும்பலகை எழுதியது:

ஆசிரியர்களைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். காலையில் வருகையைச் செயலியில் பதிய வேண்டும். பிறகு அதையே பதிவேட்டில் எழுத வேண்டும், ஏனென்றால் ஆய்வுக்கு வருபவர் பதிவேட்டைத்தான் கேட்பார். பாடநூல் வழங்கியதற்கு ஒரு செயலி, உடல்நலத்துக்கு ஒன்று, மதிப்பீட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் அதே நாற்பது பிள்ளைகளின் பெயரை மறுபடி மறுபடி அடிக்கிறேன். மக்களிடம் ஒருமுறைதான் கேட்க வேண்டும் என்கிறீர்களே, ஆசிரியரிடமும் ஒருமுறைதான் கேட்க வேண்டும். முதல் பாடவேளையில் பாதி நேரம் இதிலேயே போகிறது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2020ல் பள்ளிகள் மூடியபோது தொலைவழிக் கல்வி போய்ச்சேராத பிள்ளைகள் குறைந்தது 46 கோடி என்று யுனிசெஃப் சொன்னது. என் வகுப்பிலும் அப்படிப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை வீடு வீடாகப் போய்த்தான் பார்த்தேன். எந்தச் செயலியும் எனக்கு அவர்களைக் காட்டவில்லை.

ஒலிவாசகன் எழுதியது:

எனக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பான் உதவியோடு இந்த இழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே எழுத முடிகிறது, அரசுத் தளத்தில் முடியவில்லை. காரணம் சின்னச் சின்னது. பெட்டிக்குப் பெயர் வைக்காமல் விட்டிருப்பார்கள். என் கருவி "திருத்து, காலி" என்று மட்டும் சொல்லும், எதை நிரப்புவது? அறிவிப்பைப் பி.டி.எஃப். என்பார்கள், உள்ளே ஸ்கேன் எடுத்த படம் இருக்கும், ஒரு சொல்லும் ஒலிக்காது. நான் மனிதன்தான் என்று நிரூபிக்க, வளைந்த எழுத்தைப் பார்த்து எழுதச் சொல்வார்கள்.

பதிவேடு அக்கா தொடங்கியதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. இணைய அணுகல்தன்மை வழிகாட்டி நெறிகளின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அதில் புதிதாகச் சேர்த்த விதிகளில் ஒன்று, ஒரே செயல்முறைக்குள் பயனர் ஏற்கெனவே கொடுத்த விவரத்தை மறுபடி அடிக்கச் சொல்லக் கூடாது என்பது. இன்னொன்று, உள்நுழைவதற்கு நினைவாற்றல் சோதனையையோ புதிரையோ மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பது. நினைவுக் குறைபாடு உள்ளவர்கள், கை நடுங்குபவர்கள், என்னைப் போன்றவர்கள் எல்லாருக்கும் வேண்டும் என்று கேட்டு வந்தவை இவை. படித்துப் பாருங்கள், எல்லாருக்குமே நல்லதுதான்.

வழிகாட்டி எழுதியது:

வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். உதவித்தொகைப் படிவம் பற்றி இழை தொடங்கியதால் அமெரிக்காவின் ஃபாஃப்சா பற்றிச் சொல்கிறேன். கூட்டாட்சி அரசின் கல்வி நிதியுதவி கேட்கும் எல்லா மாணவரும் அங்கே நிரப்பும் படிவம் அது.

சில பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். வரிக் கணக்குத் தாக்கல் செய்ய ஒரு தனியார் வரிச்சேவை நிறுவனத்துக்கு வரும் குறைந்த வருமானக் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு, அதே வரி விவரத்தை வைத்து அங்கேயே ஃபாஃப்சாவையும் நிரப்பிக் கொடுத்தார்கள். சில நிமிட வேலை. மற்றொரு பகுதியினருக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் சொன்னார்கள். 2012ல் முடிவு வெளிவந்தது. படிவம் நிரப்பிக் கொடுத்த குடும்பங்களில் பள்ளி இறுதி மாணவர்கள் இரண்டு ஆண்டு கல்லூரிப் படிப்பை முடித்த விகிதம் 28 சதவீதத்திலிருந்து 36ஆக உயர்ந்தது. தகவல் மட்டும் பெற்றவர்களிடம் மாற்றம் தெரியவில்லை. ஒரு படிவம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு வெளியே நிறுத்திவைத்திருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

பிறகு சட்டமே கொண்டுவந்து படிவத்தைச் சுருக்கினார்கள். நூற்றுக்கும் மேல் இருந்த கேள்விகள் அதிகபட்சம் 46 ஆயின. வருமான விவரம் வரித்துறையிலிருந்து நேராக வரும். சரியான பாதை. ஆனால் வழக்கமாக அக்டோபரில் திறக்க வேண்டிய படிவம் 2023 டிசம்பர் இறுதியில்தான் திறந்தது. பெற்றோரிடம் சமூகப் பாதுகாப்பு எண் என்ற அரசு அடையாள எண் இல்லாத மாணவர்களால் தொடக்கத்தில் அதை முடிக்கவே இயலவில்லை. கல்லூரிகளுக்கு விவரம் போய்ச்சேரத் தாமதமாகி, எவ்வளவு உதவி கிடைக்கும் என்று தெரியாமலேயே மாணவர்கள் பல மாதம் காத்திருந்தார்கள். உதவி மிக அதிகமாகத் தேவைப்பட்ட பிள்ளைகள்தான் அந்த ஆண்டு அதிகம் அல்லாடினார்கள். கேள்வியைக் குறைக்கும் முடிவும் முக்கியம், அதைத் திறக்கும் நாளும் முக்கியம். சேர்க்கைக் காலத்துக்கு நடுவில் புது முறைக்கு மாறவே கூடாது என்று நான் சொல்வேன்.

இறுதியாண்டு எழுதியது:

முடிவு வெளியாகும் நாளில் தளம் முடங்குவதை யாரும் சொல்லவில்லையே. எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்று முன்கூட்டியே தெரியும், எந்த நேரத்தில் பார்ப்பார்கள் என்றும் தெரியும். போன முறை நான் நான்கு மணி நேரம் ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் நண்பன் ஒருவன் எங்கிருந்தோ பார்த்துச் சொன்னான். என் முடிவு எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்தது.

நிரலன் எழுதியது:

தம்பி, அது தீர்க்கக்கூடிய சிக்கல். முடிவு மாறப்போவதில்லை, அதனால் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைத் தேட வேண்டியதே இல்லை. முன்கூட்டியே தயாரித்துப் பல சர்வர்களில் வைத்துவிடலாம், அவரவர் நேரத்தைப் பிரித்துக் கொடுக்கலாம், குறுஞ்செய்தியாகவே அனுப்பிவிடலாம். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தபோது முதல் நாள் முடிவில் ஆறே பேர்தான் காப்பீட்டில் சேர முடிந்தது. பணமும் ஆளும் குறைவில்லாத இடத்தில் நடந்தது அது. உண்மையான கூட்டத்தை வைத்து முன்பே சோதித்துப் பார்க்காவிட்டால் எங்கேயும் இதுதான் நடக்கும்.

வரிசைமுறை எழுதியது:

கேள்வியை எடுப்பது பற்றியே பேசுகிறோம். கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று கல்வியில் இருக்கிறது: உனக்கு எந்தப் பள்ளி, எந்தப் படிப்பு வேண்டும்?

நியூயார்க் நகரில் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை ஒரு காலத்தில் பெரிய குழப்பம். சில பிள்ளைகளுக்குப் பல பள்ளிகளில் இடம், பலருக்கு ஒன்றுமே இல்லை. ஆண்டுக்கு சுமார் 30,000 பேர் தாங்கள் கேட்காத பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். உண்மையான விருப்பத்தை எழுதினால் நஷ்டம் வரலாம் என்பதால் பெற்றோர் கணக்குப் போட்டு வரிசையை மாற்றி எழுதினார்கள். 2003ல் புதிய முறை வந்தது. 1962ல் கேல், ஷாப்லி என்ற இரண்டு கணிதர்கள் எழுதிய பொருத்தும் முறையை ஆல்வின் ராத்தும் உடன் வேலை செய்தவர்களும் அங்கே பொருத்தினார்கள். அந்த முறையின் அழகு என்னவென்றால், மாணவர் மனதில் இருப்பதை அப்படியே வரிசையாக எழுதுவதே அவருக்கு நல்லது, தந்திரம் தேவையில்லை. (நியூயார்க்கில் 12 பள்ளிகள் வரைதான் எழுத முடியும் என்ற வரம்பு இருந்ததால் அந்தப் பலன் அங்கே முழுமையாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) கேட்காத பள்ளிக்குப் போனவர்கள் சுமார் 3,000ஆகக் குறைந்தார்கள். 2012ல் ராத்துக்கும் ஷாப்லிக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது.

இதற்கு நேர் எதிரானது இங்கிலாந்தில் 2020ல் நடந்தது. தேர்வு நடக்காததால் ஏ-லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண்ணை ஒரு கணக்கீட்டு முறை தீர்மானித்தது. பள்ளியின் பழைய தேர்ச்சி வரலாற்றையும் அது கணக்கில் எடுத்ததால், ஆசிரியர் கொடுத்த மதிப்பீட்டைவிடக் கிட்டத்தட்ட 40 சதவீத மதிப்பெண்கள் கீழே இறங்கின. நன்றாகப் படித்த பிள்ளை பின்தங்கிய பள்ளியில் இருந்தால் அவள் கதி என்ன? மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், ஆகஸ்ட் 17 அன்று அதைக் கைவிட்டார்கள். இரண்டும் கணினிதான். முதலாவது பிள்ளையிடம் கேட்டது, இரண்டாவது பிள்ளையின் பள்ளியைப் பார்த்து முடிவெடுத்தது.

ஒற்றைப்பெயர் எழுதியது:

இணைப்பது பற்றி இவ்வளவு பேசியும் பெயரைப் பற்றி யாரும் பேசவில்லை. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி. எனக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தமிழர்கள், ஜாவாக்காரர்கள் என்று எத்தனையோ பேருக்குக் கிடையாது. காலியாக விட்டால் தளம் ஏற்காது. ஒரு தளத்தில் தந்தை பெயரைப் போட்டேன், இன்னொன்றில் என் பெயரையே இரண்டு முறை போட்டேன், மூன்றாவதில் முதலெழுத்தை மட்டும். இப்போது மூன்று துறைகளும் இணைந்தால் அவர்கள் கண்ணில் நான் மூன்று பேர். பெயருக்கு ஒரே ஒரு பெட்டி வைத்தால் போதாதா?

இன்னொன்றும் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் அடித்த தமிழ்க் கோப்புகள் பல, பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே ரோமன் எழுத்துகளாகவே சேமித்திருக்கும். தேடினால் பெயர் கிடைக்காது. பழைய பதிவுகளை இணைப்பதற்கு முன்னால் இவற்றை மாற்றி, மாற்றியதை ஒரு மனிதர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். ன, ண மாறினால் ஆளே மாறிவிடும்.

பதிவேடு எழுதியது:

மூன்று வாரமாக உங்கள் பதிவுகளை ஒன்று விடாமல் படித்தேன். ஒன்றிரண்டை அச்செடுத்துப் பிரிவுக் கூட்டத்துக்கும் கொண்டுபோனேன். நடந்ததைச் சொல்கிறேன்.

34 கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பத்தி போட்டோம். எந்த விதி இதைக் கேட்கச் சொல்கிறது? இந்த விவரம் ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறதா? ஒன்பது கேள்விகளுக்கு எந்த விதியும் கிடைக்கவில்லை. எப்போதோ ஒரு குழப்பம் நடந்திருக்கும், யாரோ ஒரு வரி சேர்த்திருப்பார்கள், அப்படியே தங்கிவிட்டது. 13 கேள்விகள் எங்களிடமே உள்ளவை. தந்தை பெயரை எடுக்க ஒரு மூத்த அலுவலர் சம்மதிக்கவில்லை. ஒரே பெயரில் இரண்டு மாணவர் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். பதிவெண் ஒருவருக்கு ஒன்றுதானே என்று சொல்லி, பத்து ஆண்டுப் பதிவேட்டைத் திறந்து காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தவறான ஆளுக்குச் சான்றிதழ் போய்விடக் கூடாது என்ற அக்கறை அது.

இப்போது 12 கேள்விகள் மிச்சம். சான்றொப்பம் போய்விட்டது, தபாலும் போய்விட்டது. பெயருக்கு ஒரே பெட்டி. திறவுகோல் சொன்னதற்காகப் புதிதாக ஒன்று சேர்த்தோம்: எங்கள் பதிவேட்டில் உள்ள உங்கள் விவரம் இது, ஏதாவது தவறாக இருந்தால் எது என்று சொல்லுங்கள். அதற்குப் பொறுப்பான அலுவலரின் பதவியும் தொலைபேசி எண்ணும் அங்கேயே இருக்கும். பெட்டிகளுக்குப் பெயர் வைத்தாயிற்றா என்று ஒலிவாசகனிடம் கேட்டுச் சோதிக்க ஆசை, அவருக்கு நேரம் இருந்தால். சேர்க்கைக் காலம் முடிந்த பிறகுதான் திறப்போம்.

ஒலிவாசகன் எழுதியது:

இணைப்பை அனுப்புங்கள் அக்கா. இன்றைக்கே பார்க்கிறேன்.

மூன்றாம்_சாளரம் எழுதியது:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி. இருபது ஆண்டுக்கு முன்னால் படித்தவர் வந்து நகல் கேட்கிறார். உங்கள் பதிவேட்டில் இருக்கும் ஃபோன் எண் இப்போது அவரிடம் இல்லை. அவர் உள்ளே வருவது எப்படி?

பதிவேடு எழுதியது:

அதற்கு வழி வைக்கவில்லை. உங்கள் பதிவைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறேன், அப்படியும் விட்டுவிட்டோம். நேரில் வந்து அடையாளம் காட்டி எண்ணை மாற்றிக்கொள்ள ஒரு மேசையும், அவருக்காக வேறொருவர் வந்தால் கொடுக்க ஓர் அனுமதிச் சீட்டும் வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறேன். வியாழக்கிழமை மறுபடியும் கூட்டம். அந்த மேசையில் யார் உட்காருவது என்று கேட்பார்கள். நான் உட்காருகிறேன் என்று சொல்லப்போகிறேன்.